தள்ளிப்போகாத திங்கட்கிழமை

மூன்றாவது மாடியில் பலகை அடித்துக் கம்பி கட்டி, தளம் போட எல்லாம் தயாராகக் கிடந்தது. மேஸ்திரி போனில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவன் கலவை லாரி அனுப்புகிறவன்.

"நாளைக்குக் காலையில லாரி இங்க நிக்கணும். ஆளுங்க ரெடி, கம்பி ரெடி, நானும் ரெடி. வரலேன்னு வை, அப்புறம் என் வாயில நல்லதா ஒண்ணும் வராது!"

போனைச் சட்டைப் பையில் போட்டதும் முகத்தை அப்படியே மாற்றிக்கொண்டு, குந்தியிருந்த ஆட்களிடம் சொன்னார். "எல்லாரும் நாளன்னிக்கு வாங்கடா. நாளைக்கு வீட்ல கால நீட்டிப் படுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த கம்பி கட்டுகிறவருக்கு மட்டும் விளங்கவில்லை. "நாளைக்குன்னுதானே மேஸ்திரி அவன்கிட்ட சொன்னீங்க?"

"நாளைக்குன்னு சொன்னாத்தான்யா அவன் நாளன்னிக்கு வருவான். நாளன்னிக்குன்னு உண்மையச் சொன்னா, அடுத்த வாரம் ஆடி அசைஞ்சு வந்து நிப்பான். வேணுங்கிற நாளுக்கு முந்தின நாளைக் கேக்கணும். தள்ளிப் போய்த் தள்ளிப் போய் அது நமக்கு வேணுங்கிற நாள்ல வந்து விழும். தொழில் ரகசியத்தைச் சும்மா சொல்லிட்டேன், டீயாவது வாங்கிக் குடு."

எத்தனையோ வருஷமாக மேஸ்திரி அப்படித்தான் நாள் கேட்டு வந்தார். ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை.

அன்றைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவன் பலகை. ஈரக் கலவையின் மேல் நீளப் பலகையை இழுத்து மட்டம் பண்ணுவது அவன் வேலை. அந்தப் பலகையே அவனுக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. மேஸ்திரியின் தங்கையைத்தான் கட்டியிருந்தான். அதனால் வேலையிடத்தில் எல்லோருக்கும் மேஸ்திரி, அவனுக்கு மட்டும் மச்சான்.

"மாப்ள, நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல? கைய கழுவிட்டுக் கிளம்பு. எந்த நாள் வேணும்னு தங்கச்சி சொல்லிட்டாளா?"

"வியாழன்னு சொல்லுது."

"டாக்டரம்மா?"

"திங்கள் இல்லேன்னா வியாழன். அதைத் தாண்டவே கூடாதுன்னுட்டாங்க."

மச்சான் கைக்குட்டையை எடுத்து வியர்வையில்லாத கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரசவத்துக்கு நாள் கேட்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மற்றவர்களுக்கு அது பிள்ளை வீட்டுக்கு வரும் நாள். இவர்களுக்கு அப்படி இல்லை.

அஞ்சாம் மாதம் படம் எடுத்துப் பார்த்தபோதே டாக்டரம்மா உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். குழந்தைக்குச் சிறுநீரகம் உருவாகவே இல்லை. அதனால் நுரையீரலும் வளரவில்லை. உள்ளே இருக்கும்வரை தாயின் உடம்பு அதற்கும் சேர்த்து வேலை பார்க்கும். வெளியே வந்துவிட்டால் தானாக மூச்சு விட வேண்டும். அது அந்தக் குழந்தையால் ஆகாது. கொஞ்ச நேரம் இருக்கும். அது எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் இப்போதே முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அவன் மனைவி தையல்காரி. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. யோசித்துப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "இருக்குற வரைக்கும் இருக்கட்டும்மா. அது என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள்.

வீட்டில் ஏழு வயசு மகளுக்குப் பெருசு என்று செல்லப் பெயர். அதனால் வயிற்றில் இருந்தது சின்னது ஆயிற்று. கடைசி மாதங்களில் சின்னதுக்கு எல்லாம் காட்டிவிட வேண்டும் என்று அம்மாக்காரிக்கு ஒரு வெறி. மழை பெய்தால் வாசலில் போய் நிற்பாள். ரயில் போனால் நின்று கேட்பாள். "கேட்டுச்சா? அதான் ரயிலு. பயப்படாத, அது அதும்பாட்டுக்குப் போகும்." தையல் மிஷின் ஓடும்போது அது அடங்கிப் படுத்துக்கொள்கிறது என்பாள். பலகை வேலை முடிந்து வந்தால், சிமெண்டு பூத்த கையைத் துடைத்துவிட்டு வயிற்றில் வைப்பான். உள்ளேயிருந்து ஒரு முட்டி மெதுவாக இழைந்துகொண்டு போகும். "அப்பா கை சொரசொரன்னு இருக்குதாம். புகார் சொல்லுது" என்று அவனைச் சீண்டுவாள்.

அந்தத் துக்கம் போதாதென்று எட்டாம் மாதம் இன்னொன்று வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். வலி தானாக வந்தால் முதலில் ரத்தம்தான் கொட்டும், தாய்க்கே ஆபத்து. அதனால் வலி வரும் முன்பே நாள் வைத்து வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டும். ஒருநாள் காலையில் படுக்கை விரிப்பில் ஒரு திட்டு ரத்தத்தைப் பார்த்தான் பலகை. பெரிதாக ஒன்றுமில்லை, தானாக நின்றுவிட்டது. அவளும் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு மறந்துவிட்டாள். அவனுக்கு மறக்கவில்லை. வேலையில் செங்கல்லைத் தொட்டால்கூட அந்தத் திட்டுதான் கண்ணில் நின்றது.

முதலில் கொடுத்த நாள் போன திங்கட்கிழமை. பட்டினியாகப் போய்க் காத்திருந்தார்கள். அவசரக் கேஸ் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போனது. மத்தியானம், "இன்னிக்கு முடியாது, வியாழக்கிழமை வாங்க" என்றார்கள். வராந்தாவில் ஒரே சண்டை. பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமியார் இவளைப் பார்த்து, "உன்னையும் திருப்பி அனுப்பிட்டானுங்களா? வயித்துப் பிள்ளைக்காரியைப் பட்டினி போட்டு வேடிக்கை பாக்குறானுங்க, விளங்குவானுங்களா!" என்று பொரிந்தாள்.

"ஆமாம்மா, ரொம்ப அநியாயம்" என்றாள் இவள். வெளியே வந்ததும் டீக்கடையில் ரெண்டு பன் வாங்கச் சொல்லி, வாய் நிறைய அடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, நமக்கு லாட்டரி அடிச்ச மாதிரி இல்ல?"

வியாழக்கிழமையும் திரும்பினார்கள். மயக்க ஊசி போடுகிற டாக்டருக்கே காய்ச்சல். அன்றைக்கும் அவள் பன் தின்றாள். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டான். ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் அவளுக்குச் சில நாள் கிடைத்தது. அவனுக்கு அதே நாள்கள் நெஞ்சில் கல்லாக ஏறின.

அடுத்து எந்த நாள் வேண்டும் என்று வெள்ளிக்கிழமையான அன்றைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அவள் வியாழன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை பெருசுக்குப் பள்ளியில் பாட்டு. மேடையில் தனியாக நின்று பாடப் போகிறாள். சின்னதுக்குக் காது கேட்கும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். "அக்கா பாடுறதை ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும்ங்க. மேடையில, மைக்குல, நல்லா சத்தமா" என்றாள். இதற்காகவே பெருசுக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.

பலகை பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். இந்த ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் எது நடந்தது? வியாழன் என்று கேட்டால் அது அதற்கடுத்த திங்களுக்குப் போகும். தாண்டக் கூடாது என்ற நாளைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு காலையில் அந்தத் திட்டு குளமாகிவிட்டால்? திங்கள் என்று கேட்டால் எப்படியும் வியாழனுக்குத் தள்ளுவார்கள். அவள் பாட்டும் கேட்கலாம், இவனுக்கும் உயிர் திரும்ப வரும். மச்சான் லாரி கேட்கிற மாதிரிதான். இறங்கும்போது அவனுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

வார்டு மேஜையில் டாக்டரம்மாவே நின்றிருந்தார்.

"திங்கள் குடுங்கம்மா."

"வியாழனும் காலியாத்தான் இருக்கு. உங்க வீட்ல வியாழன்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"இல்லம்மா. திங்களே இருக்கட்டும்."

டாக்டரம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி, திங்கள்."

வீட்டில் அவள் கவுனுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இருந்த ஊசியை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"திங்கள்தான் இருக்குன்னுட்டாங்க" என்றான்.

ஊசியை எடுத்தாள். "வியாழன் கேக்கலையா?"

"கேட்டேன். இல்லேன்னுட்டாங்க." அந்தப் பொய் அவனுக்கே தண்ணி மாதிரி வந்தது. "நீ ஏன் கவலைப்படுற? அங்க எந்தத் திங்கள் நடந்துருக்கு? போவோம், உக்காருவோம், பன் தின்னுட்டு வருவோம்."

அவள் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது. "அதுவும் சரிதான். திங்கள்னாலே அங்க சந்தைக்கடைதான்." உள்ளே குரல் கொடுத்தாள். "ஏய் பெருசு! செவ்வாக்கிழமை முன்வரிசையில அம்மாவுக்கு எடம் போட்டு வைக்கச் சொல்லு. ரெண்டு எடம். சின்னதுக்கும் சேத்து."

"சின்னது உன் வயித்துலதானேம்மா இருக்கு. அதுக்கு எதுக்குத் தனி எடம்?"

"வாயப் பாரு, அப்படியே மாமன் வாய்."

திங்கட்கிழமை காலையில் வார்டுக்குள் நுழைந்ததுமே பலகைக்கு ஏதோ மாதிரி இருந்தது. வராந்தா பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. யாரும் சண்டை போடவில்லை. துடைத்த தரை காயாமல் மினுமினுத்தது. அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"வாங்கக்கா. இன்னிக்கு அதிசயமா ஒரு அவசரமும் இல்ல. நீங்கதான் முதல் ஆள்."

அவள் புரியாத மாதிரி பலகையைப் பார்த்தாள். "இன்னிக்காங்க?"

அவன் நர்ஸின் பின்னாலேயே ஓடினான். "சிஸ்டர், வேற யாரையாவது முன்னாடி விடுங்களேன். நாங்க இருக்கோம். வியாழக்கிழமைகூட வர்றோம். ஒண்ணும் அவசரமில்ல."

"என்னண்ணே விளையாடுறீங்களா? எல்லாரும் என்னை முன்னாடி விடுன்னு அடிச்சுக்குறாங்க!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்திப் பேசவும் இல்லை. "என்னாச்சு? வியாழன் இருக்குன்னு நான்தான் சொன்னேனே, நீங்கதானே திங்களே இருக்கட்டும்னீங்க? இப்ப வியாழன் வேற ரெண்டு பேருக்குக் குடுத்தாச்சு. அதுக்கு மேல இவங்களை வெளியில வெச்சிருக்க எனக்குத் தைரியம் இல்ல."

பலகை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று முதுகுக்கே தெரிந்தது.

அவள் வளையலைக் கழற்றினாள். அது சுலபத்தில் வரவில்லை, கை வீங்கியிருந்தது. அவன் உதவப் போனான். கையை இழுத்துக்கொண்டு தானே கழற்றி, அவன் கையில் தராமல் படுக்கைமேல் வைத்தாள். பிறகு வயிற்றின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, ஆஸ்பத்திரிச் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "அது தள்ளுவண்டி. அது குழாய்த் தண்ணி. அது... அது யாரோ இருமுறாங்க." அவளுக்கு அவசரம் தொற்றிக்கொண்டது. காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் சுவர்தான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். பார்க்க வேண்டும் என்று அவள் முன்பே கேட்டிருந்ததால் முழு மயக்கம் கொடுக்கவில்லை. அவனுக்கும் பச்சை அங்கி மாட்டி, தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே துணித் திரை. அந்தப் பக்கம் கத்திரிக்கோல் வைக்கும் சத்தம். இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர் முகம்.

"நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஆரம்பித்தான்.

"இப்ப வேணாம்." அவள் கண் கூரையில் இருந்தது. "அது இருக்கும்போது வேணாம். அப்புறம் சொல்லுங்க."

சின்னது அழவில்லை. பூனைக்குட்டி தும்மிய மாதிரி ஒரு சத்தம். "பொண்ணு" என்றார் டாக்டரம்மா. துடைத்து, ஒரு துணியில் சுற்றி, அவள் கன்னத்தோடு ஒட்ட வைத்தார்கள். மூக்கு கொஞ்சம் சப்பை. தலையில் அவ்வளவு முடி. யாரைக் கொண்டிருக்கிறது என்று பார்த்தால் சாட்சாத் மச்சான்தான். அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "ஐயோ, மேஸ்திரி!" என்றாள். சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

தையல் போட்டு முடித்ததும் தனி அறைக்குக் கொண்டு வந்தார்கள். சின்னது அவள் நெஞ்சின் மேல் கிடந்தது. ஒரு மூச்சு விட்டது. அடுத்தது வருமா என்று இவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வந்தது. வருடிவிடுகிற விரல் உதட்டில் பட்டால் வாயைத் திறந்தது. பலகை சுட்டு விரலை நீட்டினான். சுத்தமாகக் கழுவிய விரல்தான், ஆனாலும் சொரசொரப்பு போகவில்லை. அது பிடித்துக்கொண்டது. புகார் ஒன்றும் சொல்லவில்லை.

மச்சான் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருசைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேலை உடுப்பில், முழங்கால் வரை சாந்தோடு அப்படியே வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரத் தயங்கி நின்றார். தங்கைதான் கூப்பிட்டாள். "வாண்ணே. உன் மூக்கை எடுத்துட்டு வந்து ஒருத்தி படுத்திருக்கா, பாரு."

அவர் குனிந்து பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று. "நல்லாத்தான் இருக்கா" என்று மட்டும் சொல்லி, சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பெருசு மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. அவளுக்கு எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். சொன்னதும் கண்ணில் பார்ப்பதும் ஒன்றாகுமா?

"கிட்ட வாடி. உன் தங்கச்சி" என்றாள் அம்மா.

"ஏன் நீலமா இருக்கு?"

"குளிருது அதுக்கு. வா. அந்தப் பாட்டைப் பாடு. மெதுவா, காதுகிட்ட."

பெருசு அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "பாட்டு நாளைக்குத்தானேம்மா?" என்றாள்.

மச்சான் அவள் தலையில் கை வைத்தார். "பரவால்ல கண்ணு" என்றார். அவள் வெடித்து அழ ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வராந்தாக் கடைசி வரை அந்த அழுகை கேட்டது.

"கேட்டுச்சா?" என்று சின்னதின் காதில் சொன்னாள் அவள். "அக்கா."

மத்தியானச் சாப்பாட்டு வண்டி உருண்டு வரும் நேரத்துக்கு மூச்சுகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. ஒன்று வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். வண்டி அறையைத் தாண்டிப் போய், பக்கத்து அறைக் கதவு திறந்து மூடி, யாரோ தட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் வரை காத்திருந்தார்கள். டாக்டரம்மா வந்து சின்னதின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாயங்கால வெளிச்சம் எதிர்ச்சுவரில் மஞ்சளாக விழுந்தபோதும் சின்னது அவள் கையில்தான் இருந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க."

சொன்னான். லாரியைச் சொன்னான். படுக்கை விரிப்பில் இருந்த திட்டைச் சொன்னான். திங்கள் கேட்டால் வியாழனுக்குப் போகும் என்று நினைத்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அது கிறுக்குத்தனமாக அவன் காதிலேயே விழுந்தது.

"எம்புள்ள என்ன கலவை லாரியா?"

அவன் தன் சொரசொரத்த விரலைப் பார்த்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? திங்கள் கேட்டுருக்கேன்னு. நடந்தாலும் நடக்கும்னு. ஞாயித்துக்கிழமை பூரா நான் தூங்கிக் கழிச்சேங்க. வியாழன் வரைக்கும் நாள் இருக்கேன்னு நெனச்சுத் தூங்கிக் கழிச்சேன்." அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் அங்கே உடைந்தது. "பெருசை அன்னிக்கே பாட வெச்சுருப்பேனே. வீட்லயே. அடுப்படியில நிக்க வெச்சாவது பாட வெச்சுருப்பேனே."

"வியாழன்னு கேட்டு, அது தள்ளிப் போய், உனக்கு ஏதாவது..." என்று அவன் இழுத்தான்.

"தெரியும். அதுக்குத்தான் பண்ணீங்கன்னு தெரியுது. அது தெரிஞ்சும் எனக்கு மனசு ஆறலைங்க." சின்னதின் தலையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "உங்க மேல கோவமா இருக்கேன். ரொம்ப நாளைக்கு இருப்பேன். போகுமான்னே தெரியல."

"சரி."

"அதுக்காக மூஞ்சியத் தூக்கிக்கிட்டு உங்க மச்சான் வீட்ல போய்ப் படுத்துக்காதீங்க."

"இல்ல. போகல."

நர்ஸ் கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். சின்னதை எப்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்க வந்தவள். அவன் எழுந்தான். சொல்ல ஒரு நேரம் வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"நீ சொல்லும்மா" என்றான்.

அவள் சின்னதின் துணியை இன்னும் இழுத்துப் போர்த்தினாள். நர்ஸும் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அவன் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லும்வரை காத்திருந்தான்.